தென்துருவப் பயணம் முடிந்து தர்பன் திரும்பும்போது: பூட்ஸ், கேமரா, சுங்கம், வீட்டுக் கோழிகள்

வெருலம் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். என் மாமாவும் மாமியும் ஜனவரியில் உஷுவாயாவில் கப்பலேறி, தெற்கு ஜார்ஜியா வழியாக அண்டார்டிகத் தீபகற்பம் போகிறார்கள். பென்குவின், சீல், திமிங்கிலம் பார்க்கத்தான். திரும்பும் வழி புவனஸ் ஐரிஸ், சாவோ பாவ்லோ, யோகன்னஸ்பர்க், பிறகு தர்பனின் கிங் ஷாகா விமான நிலையம். வந்த கையோடு தைப்பூச விரதம் தொடங்கிவிடும், வீட்டுக்குச் சொந்தபந்தம் வந்துபோகும். பின்கட்டில் கோழிகள் இருக்கின்றன. அடுத்த வாரமே கேப்டவுனில் மகள் வீட்டுக்குப் போய் போல்டர்ஸ் கடற்கரையில் நம் ஊர் பென்குவின்களையும் பார்க்கும் திட்டம்.

போகும்போது என்ன எடுத்துச் செல்வது என்று ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது என்ன செய்வது என்று தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. துணி, பூட்ஸ் எல்லாவற்றையும் ஜிக்கில் (குளோரின் வெளுப்பான்) ஊறவைத்தால் போதுமா?

உம்கெனி நாரை

தம்பி, கோழியும் போல்டர்ஸும் ஒரே பயணத்தில் வருகின்றன, அதனால் பறவைக் காய்ச்சலிலிருந்தே தொடங்குகிறேன். எச்5என்1 வைரஸ் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவை ஒட்டிய பேர்ட் தீவில் பழுப்பு ஸ்குவா என்ற கடற்பறவைகளில் தெரிந்தது. பிறகு அங்கே யானை சீல்களையும் தாக்கியது. 2024 பிப்ரவரியில் அண்டார்டிகத் தீபகற்பத்தில் உறுதியானது. அதே ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டு மேரியன் தீவில் ஸ்குவாக்கள் செத்து விழத் தொடங்கின. ஆல்பட்ராஸ் குஞ்சுகளும் ராஜ பென்குவின் குஞ்சுகளும் அடுத்து மடிந்தன, நவம்பரில் ஆய்வகம் உறுதிசெய்தது. ஆகவே மாமா போகும் இடம் இரண்டிலும் இது இருக்கிறது என்று எண்ணியே நடந்துகொள்ள வேண்டும்.

இந்த வைரஸ் பறவை எச்சத்தில் 4 டிகிரி குளிரில் 35 நாள் வரை உயிரோடு இருக்கும். 37 டிகிரியில் ஏறத்தாழ 6 நாள். ஈரமான பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டியில் வைத்து வீடு வரை கொண்டுவருவது அதனால்தான் கூடாது. குளிரும் ஈரமும் இருட்டும் சேர்ந்தால் அதற்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம்.

பல கப்பல்களில் ரப்பர் பூட்ஸைக் கப்பலே கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு தடவை ஸோடியாக் படகிலிருந்து ஏறும்போதும் தேய்த்துக் கழுவி, வர்கான் என்ற கிருமிநாசினிக் கரைசலில் நனைக்கவும் வைப்பார்கள். அந்த பூட்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். மறந்துபோவது மற்றவை: கைத்தடியின் நுனி, ட்ரைபாட் கால்கள், முதுகுப்பையின் அடிப்பாகம், மழைக் கால்சட்டையின் முழங்கால். கரையில் உட்காராதே, மண்டியிடாதே, பையைத் தரையில் வைக்காதே என்று வழிகாட்டிகள் சொல்வது இதற்காகத்தான். படம் பிடிக்கும் மும்முரத்தில் பலர் மண்டியிட்டுவிடுவார்கள்.

கடைசித் தரையிறக்கம் முடிந்த அன்றே, டிரேக் நீரிணையைக் கடக்கத் தொடங்கும்போதே, கழுவும் வேலையை முடிக்கச் சொல்லுங்கள். உஷுவாயா சேர இரண்டு நாள் ஆகும். அதற்குள் கப்பலின் உலர் அறையில் எல்லாம் காய்ந்துவிடும். முதலில் தூரிகையும் தண்ணீரும் கொண்டு மண், எச்சம் முழுதும் போகத் தேய்க்க வேண்டும். அழுக்கின் மேல் மருந்து ஊற்றினால் மருந்து அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும், உள்ளே இருப்பது அப்படியே தங்கும். பிறகு 1 சத வர்கான் கரைசல், அதாவது லிட்டருக்கு 10 கிராம். 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துவது.

வீட்டுக்கு வந்தபின் ஒருமுறை திரும்பச் செய்தாலும் தவறில்லை. கோழிகளை மூன்று நாலு நாளைக்கு வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். மாமா பயணத் துணியோடும் பயணச் செருப்போடும் கூட்டுப் பக்கம் போகக் கூடாது.

போல்டர்ஸ் பற்றி: ஆப்பிரிக்கப் பென்குவினை 2024 அக்டோபரில் மிக அருகிய இனம் என்று அறிவித்தார்கள், இனப்பெருக்கம் செய்யும் இணைகள் பத்தாயிரத்துக்கும் குறைவு. மரப்பாதையை விட்டு இறங்காமல், தென்பகுதிக்குப் போட்ட செருப்பையே அங்கும் போடாமல் போனால் போதும். போகவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அண்டார்டிகம் வரை போய்ப் பென்குவின் பார்த்தவர் நம் கரையில் இருப்பதைப் பார்க்காமல் விட்டால் எனக்கு மனம் ஒப்பாது.

பைன்டவுன் மலையேறி

நாரை அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் தம்பி கேட்ட ஜிக் கேள்விக்குத் தனியாகப் பதில் வேண்டும். துணியை ஜிக்கில் ஊறவைக்காதீர்கள். குளோரின் நைலானைக் கெடுக்கும், நீர்புகாச் சட்டையின் சவ்வையும் தையல் ஒட்டுப்பட்டையையும் பாழாக்கும். மெரினோ கம்பளியைக் கரைத்தே விடும். ஏழாயிரம் எட்டாயிரம் ராண்ட் சட்டை ஒரே ஊறலில் போய்விடும்.

ஜிக் எங்கே பயன்படும் என்றால் ரப்பர் அடிப்பாகம், பிளாஸ்டிக் தட்டு, பக்கெட் ஆகியவற்றுக்கு. சாதாரண ஜிக் 3.5 சதம். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றே கொட்டிவிட வேண்டும். வர்கானும் ஜிக்கும் ஒரே பக்கெட்டில் ஒருபோதும் சேரக் கூடாது. வர்கான் அமிலத்தன்மை கொண்டது, ஜிக்கோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வர்கான் உலோகத்தையும் அரிக்கும், ஆகவே ஜிப், கொக்கி, ட்ரைபாட் திருகு எல்லாவற்றையும் 10 நிமிடம் முடிந்ததும் நன்றாக அலச வேண்டும்.

வெளிச்சட்டைக்கு: ஜிப்பையெல்லாம் மூடி, பைகளைக் காலிசெய்து, நீர்புகாத் துணிக்கென்றே விற்கும் திரவ சோப்பில் 30 டிகிரியில் துவைப்பது. ஸ்டாசாஃப்ட் மாதிரி துணி மென்மையாக்கி வேண்டாம். அது இழைகளின் மேல் படிந்து, தண்ணீரை உருட்டிவிடும் பூச்சை மறைத்துவிடும், அடுத்த மழையில் சட்டை ஊறும். இறகு ஜாக்கெட்டை முன்பக்கக் கதவுள்ள இயந்திரத்தில் மட்டும், பிறகு உலர்த்தியில் குறைந்த சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டு மூன்றைச் சேர்த்துப் போட்டு. வெளியே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே இறகு உருண்டையாக ஈரமிருக்கும். தர்பன் பிப்ரவரியில் அப்படியே அலமாரியில் மடித்தால் நாற்றம் எடுத்துவிடும்.

உம்கெனி நாரை

வெல்க்ரோவை விட்டுவிட்டோம். 2007-08 பருவத்தில் அண்டார்டிகம் போனவர்களின் துணி, பைகளைச் சோதித்த ஆய்வு ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் சௌன் தலைமையில் 2012இல் வெளியானது. விதை ஒட்டியிருந்தவர்களிடம் ஆளுக்குச் சராசரி 9.5 விதை. அது உள்ளே போகும் விதை. வெளியே வருவதும் உண்டு, ஏனென்றால் தெற்கு ஜார்ஜியாவில் அசீனா என்ற செடியின் முள்காய் காலுறையில் கொத்துக்கொத்தாக ஒட்டும். உஷுவாயாவில் மலை நடை போனாலும் இப்படித்தான்.

வெல்க்ரோவைத் திறந்து சாமணத்தால் எடுக்க வேண்டும். கேமரா பையின் மூலைகளை வாக்குவம் குழாயால் இழுத்து, அந்தத் தூசிப்பையைக் கட்டிக் குப்பையில் போடுவது. காலுறையை உள்பக்கம் புரட்டிப் பார்ப்பது. தோட்டத்தில் உதறக் கூடாது. மேரியனில் 1800களின் தொடக்கத்தில் சீல் வேட்டைக் கப்பல்களோடு இறங்கிய சுண்டெலிகள் இன்று ஆல்பட்ராஸ் குஞ்சுகளைக் கூட்டிலேயே கடித்துத் தின்கின்றன. தெரியாமல் கொண்டுபோனது ஒன்று இருநூறு வருடம் கழித்து என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

மெரிபேங்க் செவிலி

கண்ணு, இதையெல்லாம்விட அவசரமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ். அர்ஜென்டினாவும் பிரேசிலும் அபாயப் பட்டியலில் இருக்கும் நாடுகள். அங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்குள் வரும் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும் சான்றிதழ் கேட்பார்கள். விமான நிலையத்தில் மட்டும் இருந்தாலும் 12 மணி நேரத்துக்கு மேல் என்றால் அதே விதி. உஷுவாயாவில் கொசுவே இல்லையே, அண்டார்டிகத்தில் எங்கே மஞ்சள் காய்ச்சல் என்று அதிகாரியிடம் வாதாடிப் பயனில்லை, கடவுச்சீட்டில் இருக்கும் முத்திரைதான் பேசும். சான்றிதழ் இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்திக் கண்காணிக்க முடியும்.

ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலைக்குப் பிறகு அது ஆயுள் முழுதும் செல்லுபடியாகும், பழைய மஞ்சள் புத்தகம் (தடுப்பூசிச் சான்றிதழ்) வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். ஊசி உரிமம் பெற்ற பயண மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். மாமாவின் வயது என்ன? அறுபதைக் கடந்தவர்களுக்கு முதல்முறை இந்த ஊசி போடுவதில் தனி ஆபத்து உண்டு, மருத்துவரிடம் நேரில் பேசியே முடிவெடுக்க வேண்டும். போடக் கூடாது என்று அவர் தீர்மானித்தால் விலக்குச் சான்றை அதே புத்தகத்தில் முத்திரையோடு எழுதித் தருவார். வெறும் கடிதத் தாளை நம்பிப் போகாதீர்கள்.

வந்தபின் உடம்பு. கப்பலில் பழகிய காது நரம்பு தரையிலும் ஆட்டத்தைத் தேடும். குளிக்கும்போது கண்ணை மூடினால் சுவர் சாய்வதுபோல் இருக்கும். பெரும்பாலும் இரண்டு நாளில் போய்விடும், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆட்டம் நிற்கும்வரை மாமா என்2 நெடுஞ்சாலையில் கார் ஓட்ட வேண்டாம், ஏணி ஏற வேண்டாம். கடல் குமட்டலுக்குக் காதுக்குப் பின்னால் பட்டை ஒட்டியிருந்தால், சில நாள் தொடர்ந்து போட்டு எடுத்தபின் தலைசுற்றலும் குமட்டலும் வருவது அந்த மருந்து விலகுவதால். பட்டையைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கண்பாப்பா விரிந்து பார்வை மங்கும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

தூக்கமும் குழம்பும். உஷுவாயாவுக்கும் நமக்கும் 5 மணி நேர வித்தியாசம், அதோடு அங்கே ஜனவரியில் இரவு என்பது சில மணி நேர அந்திதான். முதல் மூன்று நாலு நாள் காலையில் அரை மணி வெளிச்சத்தில் நடக்கட்டும், படுக்கையறைத் திரையை இறுக மூடட்டும். சுழியம் டிகிரியிலிருந்து முப்பது டிகிரிக்கு வருகிறார்கள். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். காவடி தூக்குவதாக வேண்டுதல் இருந்தால், அந்த வெயிலில் வெறுங்காலோடு ஊர்வலம், மேலும் விரத வயிறு, தண்ணீர் குடிப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமே, நாங்கள் பறவைக் காய்ச்சல் உள்ள இடத்திலிருந்து வந்தோம் என்பதாக இருக்கட்டும். பெரும்பாலும் கப்பலில் பரவும் சாதாரண சளிக்காய்ச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சொன்னால்தான் சரியான சோதனை எடுப்பார்கள்.

வெருலம் தம்பி

மிக்க நன்றி அக்கா. மாமாவுக்கு 67, மாமிக்கு 63. நாளையே பயண மருத்துவமனையைக் கூப்பிடுகிறேன். இன்னொன்று: பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கூழாங்கல்லும் பென்குவின் இறகும் கொண்டுவருவதாக மாமா வாக்குக் கொடுத்திருக்கிறார். சின்னக் கல்தானே, பரவாயில்லையா?

துறைமுகத் தரகர்

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 1991இல் மாட்ரிடில் கையெழுத்தான சுற்றுச்சூழல் நெறிமுறை 1998இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அனுமதியின்றி அண்டார்டிகத்திலிருந்து கல், இறகு, எலும்பு, முட்டை ஓடு எதையும் எடுக்கக் கூடாது. தென்னாப்பிரிக்கா 1959 அண்டார்டிக உடன்படிக்கையில் முதலில் கையெழுத்திட்ட 12 நாடுகளில் ஒன்று, 1996ஆம் ஆண்டின் சட்டம் மூலம் இது நம் நாட்டுச் சட்டமாகவே இருக்கிறது. ஜென்டூ, அடேலி பென்குவின்கள் கூழாங்கல்லால்தான் கூடு கட்டுகின்றன, ஒன்றிடமிருந்து ஒன்று திருடிக்கொள்ளும் அளவுக்கு அது அவற்றுக்கு அருமையான பொருள். திமிங்கில எலும்புத் துண்டு என்றால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலும் சேர்ந்துகொள்ளும். இறகு, மேலே நாரை எழுதிய நோய்க் காரணத்தாலேயே வேண்டாம். பிள்ளைகளுக்கு உஷுவாயா கடையில் பொம்மைப் பென்குவின் வாங்கலாம்.

சுங்கச் சோதனை கிங் ஷாகாவில் நடக்காது. நாட்டுக்குள் முதலில் இறங்கும் யோகன்னஸ்பர்க்கிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். இரண்டு விமானத்துக்கும் இடையில் மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 5,000 ராண்ட் பெறுமான பொருள் வரியில்லை, 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்திருக்க வேண்டும், 30 நாளில் ஒருமுறை. அதற்கு மேல் கூடுதலாக 20,000 ராண்ட் வரை 20 சதம் என்ற ஒரே விகிதம். இதைத் தவிர வைன் 2 லிட்டர், மற்ற மது 1 லிட்டர்.

பெரிய சிக்கல் கேமரா. ஒரு லட்சம் ராண்ட் லென்ஸோடு திரும்பி வந்தால், அதை வெளியே வாங்கவில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஜனவரியில் கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க மேசையில் டிஏ 65 என்ற மறு இறக்குமதிப் பதிவு செய்யுங்கள். பொருளையே காட்ட வேண்டும், வரிசை எண் எழுதுவார்கள், ஆகவே பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே. யோகன்னஸ்பர்க்கில் நாட்டைவிட்டு வெளியேறுவதால் அங்கே செய்வது பொருத்தம். வாங்கிய ரசீதின் படம் கைப்பேசியில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் அர்ஜென்டினா சோரிசோ, பாலாடைக்கட்டி, தேன், விதை எதுவும் அனுமதிச் சீட்டு இல்லாமல் வராது. சந்தேகமென்றால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. சொன்ன பொருளைப் பறிமுதல் செய்து அனுப்பிவிடுவார்கள், ஒளித்த பொருளுக்கு அபராதம் உண்டு. லித்தியம் பேட்டரிகள் எல்லாம் கைப்பையில், முனைகளில் ஒட்டுப்பட்டை போட்டு. 100 வாட் மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

டோங்காட் லென்ஸ்

கேமரா வந்துவிட்டதால் நானும் எழுதுகிறேன். அண்டார்டிகத்தில் கேமரா கெடுவது குறைவு, அங்கே காற்று வறண்டது. கெடுவது தர்பனுக்கு வந்தபின்.

இரண்டு எதிரிகள். முதலாவது நீர்ப்படிவு. வெளியே 25 டிகிரி, ஈரப்பதம் 80 சதம் என்றால் பனிநிலை ஏறத்தாழ 21 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். விமானச் சரக்கறை, பிறகு ஏசி போட்ட கார், இரண்டிலும் கண்ணாடி 21க்குக் கீழே போய்விடும். வீட்டுக்கு வந்ததும் ஆசையாகப் பையைத் திறந்தால் லென்ஸின் உள்ளடுக்கிலும் பனி பிடிக்கும், அதைத் துடைக்க வழியில்லை. கப்பலில் வைத்தே கேமராவையும் லென்ஸையும் காற்றுப்புகாப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி, தர்பன் வீட்டில் மூன்று நாலு மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். பெரிய டெலி லென்ஸ் என்றால் இரவு முழுதும். மெமரி கார்டையும் பேட்டரியையும் முன்பே எடுத்துவிட்டால் படம் பார்க்கும் அவசரத்தில் பையைத் திறக்கும் தேவை இருக்காது.

இரண்டாவது உப்பு. ஸோடியாக்கில் தெறித்த கடல்நீர் காய்ந்து பொடியாகிக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சாதாரண உப்பு ஈரப்பதம் 75 சதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானாகக் கரையும். பிப்ரவரி தர்பனில் அது தினமும் நடக்கும். கரைந்த உப்புநீர் பொத்தான் இடுக்கு, ஜூம் வளையம், மின்தொடர்புப் புள்ளி எல்லாவற்றுக்குள்ளும் ஊர்ந்து போகும். மார்ச்சில் லென்ஸ் பிழைச் செய்தி வந்தால் காரணம் ஜனவரியில் தெறித்த துளி.

மைக்ரோஃபைபர் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, உடலையும் லென்ஸ் குழலையும் துடைக்க வேண்டும். துணியை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் உப்பை இடம்மாற்றுவதாகத்தான் ஆகும். அதன்பிறகு காய்ந்த துணி. வர்கானோ ஜிக்கோ கேமரா பக்கமே வரக் கூடாது. ட்ரைபாட் கால்களைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, ஒரு நாள் விரித்து உலர்த்தி, பிறகு சேர்ப்பது. சென்சாரில் தூசி என்றால் கை ஊதுபந்து மட்டும், டப்பாக் காற்று வேண்டாம், அதன் திரவம் தெறித்துக் கறை படியும்.

அடுத்த மாதங்களில் பூஞ்சை. ஈரப்பதத்தை 40 முதல் 50 சதத்துக்குள் வைத்தால் வளராது. மூடி இறுகும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, ஒரு சிறு ஈரமானி, அரை கிலோ சிலிக்கா ஜெல் போதும். ஆரஞ்சு நிறம் பச்சையானால் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். நீலநிற ஜெல்லை வாங்காதீர்கள், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, சமையல் அடுப்பில் சூடாக்க ஏற்றதல்ல.

பீனிக்ஸ் பிரியன்

அரிசி டப்பாவில் புதைத்து வைத்தால் ஈரம் இழுத்துக்கொள்ளுமே? எல்லா வீட்டிலும் இருக்கிறதே.

டோங்காட் லென்ஸ்

வேண்டாம் தம்பி. நம் வீட்டு அரிசியே தர்பன் காற்றோடு ஈரம் சமமாகி இருக்கும், இழுக்க அதில் இடமில்லை. அதன் மாவுத்தூசி ஜூம் வளையத்துக்குள் போகும், மாவு பூஞ்சைக்கு உணவு.

பிளஃப் திமிங்கிலக்காரி

படங்களைப் பற்றி. இரண்டு தனித் தட்டுகளில் நகல் எடுத்து, ஒன்று கைப்பையிலும் மற்றது மாமியிடமும் வரட்டும். இரண்டையும் வீட்டில் திறந்து பார்க்கும்வரை கார்டை அழிக்கக் கூடாது.

கூன்முதுகுத் திமிங்கில வால் படம் கிடைத்தால் அதை அலமாரியில் தூங்கவிடாதீர்கள். ஹாப்பிவேல் தளத்தில் ஏற்றினால் வாலின் அடிப்பக்கக் கறுப்பு வெள்ளைக் கோலத்தையும் விளிம்பின் வெட்டுகளையும் வைத்து அந்த ஒரு விலங்கை அடையாளம் கண்டு, அது முன்பு எங்கே தென்பட்டது என்று சொல்வார்கள். தீபகற்பத்தில் மேயும் கூட்டம் பெரும்பாலும் கொலம்பியா, ஈக்வடார், பனாமா பக்கம் குட்டி போடப் போவது. ஜூனிலிருந்து நவம்பர் வரை நம் பிளஃப் கரையைக் கடப்பவை மொசாம்பிக் பக்கம் போகும் வேறு கூட்டம்.

இதில் அடிக்கடி கெடுவது நேரம். கப்பல் யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து 3 மணி பின்னால், நாம் 2 மணி முன்னால். கைப்பேசியோடு இணைந்த கேமரா வழியில் தானாக நேரத்தை மாற்றிக்கொண்டால் பாதிப் படம் ஒரு நேரத்திலும் மீதி வேறு நேரத்திலும் நிற்கும். கப்பலின் இருப்பிடப் பதிவோடு பொருத்தும்போது திமிங்கிலம் ஐந்து மணி நேரம் தள்ளி வேறொரு விரிகுடாவில் விழும். கிளம்பும் முன் யூடிசியில் பூட்டிவைத்து, தினமும் ஜிபிஎஸ் திரையை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மொத்தமாக நகர்த்துவது எளிது. ஏற்றும்போது அசல் கோப்பையே ஏற்றுங்கள், வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் நேரமும் இடமும் அழிந்திருக்கும்.

ஆல்பட்ராஸ் காலில் வளையம் தெரிந்தால் நிறம், எந்தக் கால், எழுத்து எல்லாவற்றையும் குறித்து, வெட்டாத படத்தோடு பறவை வளையங்களைப் பதிவுசெய்யும் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் சாஃப்ரிங் பிரிவுக்கு அனுப்பலாம். மேரியனில் வளையமிட்ட பறவையாக இருக்க வாய்ப்புண்டு.

வெருலம் தம்பி

எல்லாவற்றையும் அச்செடுத்து மாமியிடம் கொடுக்கிறேன், மாமாவைவிட அவர்தான் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்வார். கடைசியாக ஒன்று: வீட்டில் பூட்ஸைத் திரும்பக் கழுவினால் அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது? முற்றத்து வாய்க்கால் கோழிக்கூட்டைச் சுற்றித்தான் போகிறது.

உம்கெனி நாரை

முற்றத்தில் கழுவவே வேண்டாம். முற்றத்து மழைநீர் வாய்க்கால் நம் ஊரில் சுத்திகரிப்பு இல்லாமல் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது, வழியில் கோழியும் குடிக்கும். உள்ளே குளியலறையில் பக்கெட்டில் கழுவி, கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் இழுத்துவிடுங்கள், அது கழிவுநீர்க் குழாயில் சேரும். தேய்த்த தூரிகையையும் அதே மருந்தில் 10 நிமிடம் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, பூட்ஸுக்கு மட்டுமென்று தனியாக வையுங்கள்.